80 சதவீதம், ஆனால் எதில்? விளம்பரத் திட்டங்களின் மாறும் நிபந்தனைகள்

2023 நவம்பர் 2-ஆம் தேதி கூகுள் நிறுவனம் தன் ஆட்சென்ஸ் விளம்பரத் திட்டத்தில் இரண்டு மாற்றங்களை அறிவித்தது. இணையதளம் நடத்துபவர்களுக்கு இனி கிளிக்கை வைத்து அல்ல, விளம்பரம் எத்தனை முறை காட்டப்பட்டது என்பதை வைத்தே பணம் என்பது ஒன்று. வருவாயில் அவர்களுக்கு இனி 80 சதவீதப் பங்கு என்பது மற்றொன்று. அதுவரை எல்லோருக்கும் மனப்பாடமாகியிருந்த எண் 68. எனக்குத் தெரிந்த ஒருவர், பத்து ஆண்டுகளாகத் தனி ஆளாக ஒரு தளத்தை நடத்துபவர், அன்றிரவே அழைத்தார். “அப்படியானால் மாத வருமானம் ஆறில் ஒரு பங்காவது கூடும், இல்லையா?” என்று கேட்டார். குரலில் அவ்வளவு நிம்மதி. கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஏனென்றால் அதே அறிவிப்பிலேயே, வெளியீட்டாளர் (தளம் நடத்துபவரைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்) கையில் முன்போலவே ஏறக்குறைய 68 சதவீதம்தான் நிற்கும் என்றும் எழுதியிருந்தார்கள்.

80 எப்படி 68 ஆகிறது என்பதை ஒரு 100 டாலரை வைத்தே பார்த்துவிடலாம்.

விளம்பரதாரர் ஒருவர், விளம்பரம் கொடுப்பவர்களுக்கான கூகுளின் சேவையான கூகுள் ஆட்ஸ் வழியாக 100 டாலர் செலவழிக்கிறார். பழைய முறையில் நடுவில் நடப்பது வெளியே தெரியாது. 32 டாலர் கூகுளுக்கு, 68 டாலர் தளத்துக்கு, அவ்வளவுதான். புதிய முறையில் அதே 100 டாலர் இரண்டு வாசல்களைக் கடந்து வருகிறது. முதல் வாசல் விளம்பரதாரர் பக்கம். அங்கே கூகுள் ஆட்ஸ் சராசரியாக 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறது, மிச்சம் 85. இரண்டாவது வாசல் ஆட்சென்ஸ். அது 85-இல் 20 சதவீதத்தை, அதாவது 17 டாலரை எடுத்துக்கொள்கிறது. மிச்சம் 68. பதினைந்தும் பதினேழும் முப்பத்திரண்டு. இந்தக் கணக்கில் ஒரு காசுகூட இடம் மாறவில்லை.

இடம் மாறியது உறுதிமொழி. முன்பு 68 என்பது நேரடியாகச் சொல்லப்பட்ட பங்கு. இப்போது நேரடியாகச் சொல்லப்படுவது இரண்டாவது வாசலில் கிடைக்கும் 80 மட்டுமே. முதல் வாசலில் கழிக்கப்படும் 15-க்கு முன்னால் “சராசரியாக” என்று ஒரு சொல் நிற்கிறது. ஒவ்வொரு விளம்பரத்துக்கும் நிலையான சதவீதம் எடுப்பதில்லை, ஆகவே கட்டணம் மாறலாம் என்று நிறுவனமே விளக்கியிருந்தது. காரணமும் புரிந்துகொள்ளக்கூடியதுதான். விளம்பரதாரர்களில் பலர் கிளிக்குக்கோ விற்பனைக்கோ விலை வைக்கிறார்கள். வெளியீட்டாளருக்குக் காட்சிக்குப் பணம் போகிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் கூகுள் ஆட்ஸ் தன் கணிப்பால் நிரப்புகிறது. சில இடங்களில் அதற்கு லாபம் கூடும், சில இடங்களில் குறையும். உலகம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் 15. உங்கள் தளத்தில் அது 15-ஆ, 12-ஆ, 19-ஆ என்பதை உங்கள் அறிக்கைப் பக்கத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

விளம்பரதாரர் கூகுள் ஆட்ஸ் வழியாக வராமல் வேறொரு நிறுவனத்தின் வாங்கும் கருவி வழியாக வந்தால், அந்தக் கருவியின் கட்டணம் கழிந்த பிறகு மிஞ்சுவதில்தான் 80 சதவீதம். அந்தக் கட்டணம் 20 என்று வைத்துக்கொண்டால் உங்கள் கைக்கு 64 வரும். 10 என்றால் 72. இது கற்பனைக் கணக்கு. உண்மைக் கட்டணம் என்னவென்பது அந்தக் கருவிக்கும் விளம்பரதாரருக்கும் இடையிலான விஷயம். நிபந்தனை மாற்றம் குறித்த மின்னஞ்சல் வந்தால் நான் முதலில் தேடுவது சதவீதத்தை அல்ல, அந்தச் சதவீதம் எந்தத் தொகையின் மீது என்பதை. எண் கண்ணில் படும்படி அச்சாகிறது. அடிப்படைத் தொகையின் விளக்கம் மூன்று பத்திகள் தள்ளி, ஒரு துணை வாக்கியத்துக்குள் இருக்கிறது.

பங்கு தெரியாமலே கையெழுத்திட்ட ஏழு ஆண்டுகள்

ஆட்சென்ஸ் 2003 ஜூன் மாதம் தொடங்கியது. அந்த ஆண்டு ஏப்ரலில் கூகுள் வாங்கிய அப்ளைடு செமான்டிக்ஸ் என்ற நிறுவனத்தின் தொழில்நுட்பமும் அதற்குக் கைகொடுத்தது. பக்கத்தில் உள்ள எழுத்தைப் படித்து, அதற்குப் பொருத்தமான விளம்பரத்தை இயந்திரமே தேர்ந்தெடுக்கும் என்பது அன்று புதுமை. விளம்பரப் பிரிவு வைத்து ஆள் அனுப்பி இடம் விற்க வசதியில்லாத சிறிய தளங்களுக்கு அது பெரிய வரம். சில வரி நிரலைப் பக்கத்தில் ஒட்டினால் போதும். நூறு டாலர் சேர்ந்ததும் காசோலை வரும்.

ஆனால் எத்தனை பங்கு தருவார்கள் என்பது ஒப்பந்தத்தில் இல்லை. நிறுவனம் அவ்வப்போது தீர்மானிக்கும் தொகை என்ற பொருளில்தான் ஷரத்து இருந்தது. 2010 மே மாதத்தில்தான் முதன்முறையாக எண்கள் வெளியாயின: தளங்களில் வரும் விளம்பரங்களுக்கு 68 சதவீதம், தளத்துக்குள் வைக்கும் தேடல் பெட்டி வழியே வரும் விளம்பரங்களுக்கு 51 சதவீதம். 68 என்பது தொடக்கத்திலிருந்தே மாறவில்லை என்றும் அப்போது சொன்னார்கள். அதாவது நல்ல பங்கையே ஏழு ஆண்டுகள் ரகசியமாகக் கொடுத்துவந்திருக்கிறார்கள். இதை நான் பாராட்டாகவும் சொல்கிறேன், குறையாகவும் சொல்கிறேன். கொடுத்தது நியாயமான அளவு. கேட்க உரிமை இல்லாமல் வாங்கிக்கொண்டது நியாயமல்ல.

ரகசியம் இன்னொரு பக்கமும் இருந்தது, இன்றும் இருக்கிறது. எவ்வளவு பணம் வந்தது என்ற மொத்தத் தொகையை வெளியீட்டாளர் வெளியில் சொல்லலாம். ஆனால் நூறு காட்சிக்கு எத்தனை கிளிக் விழுந்தது போன்ற செயல்பாட்டு விவரங்கள் ஒப்பந்தப்படி நிறுவனத்தின் ரகசியத் தகவல்கள். ஒரு மாற்றத்தால் தாங்கள் பாதிக்கப்பட்டோமா என்று பத்துத் தளக்காரர்கள் ஒன்றுகூடி விவரங்களை ஒப்பிட்டுப் பார்க்க நினைத்தால், முதல் தடையே அவர்கள் ஒப்புக்கொண்ட அந்த ஷரத்துதான். தனித்தனியாக நிற்பவர்கள் பேரம் பேச முடியாமல் போவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கிளிக்கிலிருந்து காட்சிக்கு

பங்கைப் பற்றிய மாற்றத்தைவிட அளவுகோல் மாறியதே ஆழமானது என்று நினைக்கிறேன். கிளிக்குக்குப் பணம் என்றால், விளம்பரம் ஆயிரம் பேருக்குக் காட்டப்பட்டு ஒருவரும் தொடாவிட்டால் தளத்துக்கு ஒன்றுமில்லை. காட்டியதற்கே பணம் என்றால் அந்த ஆயிரத்துக்கும் ஏதோ ஒன்று உண்டு. ஆயிரம் காட்சிகளுக்கு இவ்வளவு என்ற கணக்கு, அச்சிதழ் காலத்திலிருந்தே விளம்பரத் தொழிலில் இருந்துவரும் பழைய கணக்கு. மற்ற விளம்பரத் தொழில்நுட்ப நிறுவனங்களும் அதையே பயன்படுத்துவதால், யார் எவ்வளவு தருகிறார்கள் என்று ஒப்பிடுவது இனி எளிது என்பது கூகுள் சொன்ன காரணங்களுள் ஒன்று. அது சரியான காரணம்தான். இரண்டு கடைகளில் ஒன்று படியிலும் மற்றொன்று எடையிலும் விற்றால் விலையை எப்படி ஒப்பிடுவது?

ஆனால் இதைக் கேட்டுவிட்டு, “இனி யாரும் கிளிக் செய்ய வேண்டியதில்லை, பக்கத்தைத் திறந்தால் போதும்” என்று முடிவுகட்டியவர்கள் ஏமாந்தார்கள். ஒவ்வொரு விளம்பர இடமும் விளம்பரதாரர்களுக்கிடையே நடக்கும் ஏலத்தில்தான் விற்கப்படுகிறது. அந்த ஏலத்தில் விலை வைக்கும் இயந்திரம் இந்த இடத்தில் கிளிக் விழ எவ்வளவு வாய்ப்பு என்று முன்கூட்டியே கணித்துத்தான் காட்சிக்கான விலையைச் சொல்கிறது. பக்கத்தின் அடியில், யாரும் இறங்கிப் பார்க்காத இடத்தில் உள்ள விளம்பரத்துக்கு விலை தானாகவே இறங்கிவிடும். விளம்பரப் பரப்பில் பாதியாவது குறைந்தது ஒரு விநாடி திரையில் தெரிந்தால்தான் அது பார்க்கப்பட்ட விளம்பரம் என்பது தொழிலில் ஏற்றுக்கொள்ளப்பட்ட வரையறை. அந்த வரையறையைத் தாண்டும் இடத்துக்கு மதிப்பு அதிகம். கிளிக் கணக்கிலிருந்து போய்விடவில்லை. விலைச்சீட்டுக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 2021-இல், ஏலத்தின் விதியே மாறியிருந்தது. அதுவரை ஏலத்தில் வென்றவர், தனக்கு அடுத்த போட்டியாளரைத் தாண்டத் தேவையான தொகையைக் கொடுத்தால் போதும். ஒருவர் 5 டாலர், இன்னொருவர் 3 டாலர் கேட்டால், வென்றவர் 3 டாலருக்குச் சற்று மேலே கொடுப்பார். புதிய விதியில் அவர் கேட்ட 5 டாலரையே கொடுக்க வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் வெளியீட்டாளருக்கு லாபம். ஆனால் கேட்டதையே கொடுக்க வேண்டும் என்று தெரிந்ததும் விளம்பரதாரர்கள் கேட்கும் தொகையைக் குறைத்துக்கொள்வார்கள் என்பது ஏலம் அறிந்தவர்களுக்குத் தெரியும். இவ்வளவு பெரிய மாற்றத்துக்கு வெளியீட்டாளர் எதையும் ஏற்றுக்கொள்கிறேன் என்று அழுத்த வேண்டியிருக்கவில்லை. ஒப்பந்தத்தின் ஒரு சொல்லும் மாறாமல் ஒப்பந்தத்தின் விளைவு மாற முடியும். விதிகளின் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது.

பதினான்கு நாட்கள்

ஆட்சென்ஸ் நிபந்தனைகளில் மாற்றம் பற்றிய ஷரத்து மிகச் சிறியது. நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் ஒப்பந்தத்தை மாற்றலாம். மாற்றம் பக்கத்தில் வெளியான 14 நாட்களில் பொதுவாக நடைமுறைக்கு வரும். புதிய வசதிகள் தொடர்பான மாற்றமும் சட்டக் காரணங்களுக்கான மாற்றமும் உடனே நடைமுறைக்கு வரும். ஏற்கவில்லை என்றால் சேவையைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட வேண்டும். இதில் நடுவழி இல்லை. இந்த ஷரத்து வேண்டாம், மற்றவை சரி என்று சொல்லும் இடம் எங்கும் கிடையாது.

இது ஒரு நிறுவனத்தின் தனிக் குணம் அல்ல. பெருந்திரளான மக்களோடு ஒரே தாளில் ஒப்பந்தம் போடும் எல்லா இடத்திலும் இப்படித்தான். சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு விளம்பர நிறுவனத்தில் எனக்கு ஒரு கணக்கு இருந்தது. பெயர் வேண்டாம். “எங்கள் நிபந்தனைகளைப் புதுப்பித்திருக்கிறோம்” என்ற தலைப்பில் ஒரு மின்னஞ்சல் வந்தது. அப்படி வாரத்துக்கு மூன்று வருகின்றன; இதையும் ஒதுக்கிவைத்தேன். இருபது நாள் கழித்துத் திறந்தேன். பணம் கொடுக்கும் குறைந்தபட்சத் தொகையை உயர்த்தியிருந்தார்கள். என் கணக்கில் இருந்த தொகை பழைய வரம்புக்கு மேலே, புதிய வரம்புக்குக் கீழே. மேலும் ஐந்து மாதம் காத்திருந்துதான் அந்தப் பணத்தை வாங்கினேன். தொகை பெரிதல்ல. ஆனால் அது ஏற்கெனவே நான் உழைத்துச் சேர்த்தது. நாளைக்கு வரப்போகும் வருமானத்துக்கு விதி மாறுவது வேறு, நேற்றே சேர்ந்துவிட்ட வருமானத்துக்கு விதி மாறுவது வேறு. அன்றிலிருந்து, எந்த மாற்ற அறிவிப்பிலும் இது எந்தத் தேதிக்குப் பிந்தைய பணத்துக்குப் பொருந்தும் என்ற வரியைத் தேடாமல் நான் கணினியை மூடுவதில்லை.

அதே ஆட்சென்ஸ் ஒப்பந்தத்தில் பலர் கவனிக்காத இன்னும் இரண்டு வரிகள் உண்டு. எவ்வளவு பணம் என்பது முழுக்க முழுக்க நிறுவனத்தின் கணக்குப் பதிவை வைத்தே தீர்மானிக்கப்படும் என்பது ஒன்று. தங்கள் தளத்தில் சொந்தமாக எண்ணி வைத்திருப்பவர்களின் எண்ணிக்கை அங்கே செல்லாது. கொடுத்த அல்லது நிறுத்திவைத்த தொகையில் தகராறு இருந்தால் 30 நாட்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்பது மற்றொன்று. தெரிவிக்காவிட்டால் அந்தக் கோரிக்கையைக் கைவிட்டதாகவே கொள்ளப்படும். மாதா மாதம் வரும் தொகையைச் சரிபார்க்காமல், ஆண்டு முடிவில் மொத்தமாகக் கணக்குப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த 30 நாள் எவ்வளவு கொடியது என்று எண்ணிப் பாருங்கள்.

காட்டப்பட்ட பணம், கிடைத்த பணம்

அறிக்கைப் பக்கத்தைத் திறந்தால் இன்றைய வருமானம், நேற்றைய வருமானம், இந்த மாத வருமானம் என்று வரிசையாக எண்கள் தெரியும். அவற்றின் மேலே சின்ன எழுத்தில் “மதிப்பீடு” என்று இருக்கும். மாதம் முடிந்து, அடுத்த மாதத்தின் முதல் சில நாட்களில்தான் அது இறுதித் தொகையாகிறது. நடுவில் என்ன கழிகிறது? செல்லாத போக்குவரத்து. இயந்திரங்கள் போட்ட கிளிக்குகள், ஒரே ஆள் திரும்பத் திரும்பப் போட்டவை, பணம் கொடுத்தோ கெஞ்சியோ போடவைத்தவை எல்லாம் இதில் அடங்கும். விளம்பரதாரருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம் வெளியீட்டாளர் கணக்கிலிருந்து கழிக்கப்படுகிறது.

இந்தக் கழிவு தேவையானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. போலிக் கிளிக்குகளைத் தடுக்காவிட்டால் விளம்பரதாரர்கள் ஓடிவிடுவார்கள். நேர்மையாக எழுதுகிறவர்களின் பிழைப்பும் அவர்களோடு போகும். 2017-இல் இணைய விளம்பர அமைப்பு கொண்டுவந்த ஆட்ஸ்.டெக்ஸ்ட் கோப்பும் இதே நோக்கத்துக்கானதுதான். என் தளத்தின் விளம்பர இடத்தை விற்க இன்னின்னாருக்கு மட்டுமே அனுமதி என்று தளத்தின் வேரிலேயே எழுதிவைப்பது அது. அதனால் பெரிய தளத்தின் பெயரில் போலி இடம் விற்பது கடினமாயிற்று. 2019-இல் ஆட்சென்ஸில் வந்த விளம்பர வரம்பு, ஐயத்துக்கிடமான போக்குவரத்து உள்ள கணக்கை ஒரேயடியாக மூடாமல், சில காலம் விளம்பரத்தைக் குறைத்துக் கவனிக்க வழி செய்தது. மூடுவதைவிட அது மேல்.

என் மனக்குறை விளக்கம் பற்றியது. எந்தக் கிளிக், எந்த நாள், எந்தப் பக்கம் என்று சொல்வதில்லை. சொன்னால் ஏமாற்றுக்காரர்கள் கற்றுக்கொள்வார்கள் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மையின் விலையை ஏமாற்றாதவர்களும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். 2014-இல் அமெரிக்காவில் ஒரு குழு வழக்கு இதைத் தொட்டது. பணம் கைக்கு வரும் தருவாயில் கணக்கை மூடி, சேர்ந்திருந்த மொத்தத் தொகையையும் நிறுத்திவிட்டார்கள் என்பது வெளியீட்டாளர்களின் புகார். 2018-இல் கூகுள் 1.1 கோடி டாலர் கொடுக்கச் சம்மதித்து வழக்கைச் சமரசமாக முடித்துக்கொண்டது. சமரசம் என்பதால் யார் சரி என்ற தீர்ப்பு இல்லை. தவறான சில கிளிக்குகளுக்காக முழு மாத உழைப்பையும் எடுத்துக்கொள்ளலாமா என்ற கேள்விக்கும் நீதிமன்றத்தில் விடை கிடைக்கவில்லை.

சுமை யார் தலையில்?

பணம் பற்றிய ஷரத்துகளைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். பொறுப்பு பற்றிய ஷரத்துகள் சத்தமில்லாமல் வருகின்றன. 2008 மார்ச்சில் டபுள்கிளிக் என்ற இணைய விளம்பரத் தொழில்நுட்ப நிறுவனத்தை வாங்கும் வேலை முடிந்து, 2009 மார்ச்சில் கூகுள் வாசகரின் ஆர்வத்தை வைத்து விளம்பரம் காட்டத் தொடங்கியது. உடனே வெளியீட்டாளர்களுக்கு ஒரு கடமை சேர்ந்தது: மூன்றாம் தரப்பு குக்கிகள் (வாசகரை அடையாளம் காண, வெளி நிறுவனங்கள் அவரது உலாவியில் வைக்கும் சிறு கோப்புகள்) பயன்படுத்தப்படுவதைத் தங்கள் தனியுரிமைக் கொள்கையில் தெரிவிக்க வேண்டும். அதுவரை தனியுரிமைக் கொள்கை என்ற பக்கமே இல்லாத தளங்கள் ஏராளம். 2015-இல் ஐரோப்பிய வாசகர்களிடம் ஒப்புதல் வாங்க வேண்டும் என்ற கொள்கை வந்தது. 2018 மே 25 அன்று ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அது இன்னும் கடுமையாயிற்று. 2024 ஜனவரி 16 முதல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியிலும் பிரிட்டனிலும் உள்ள வாசகர்களுக்கு வழக்கமான விளம்பரம் காட்ட, கூகுள் சான்றளித்த ஒப்புதல் கருவியைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றாகிவிட்டது.

2018 ஏப்ரல் இறுதியில், ஆயிரக்கணக்கான வெளியீட்டாளர்களைக் கொண்ட நான்கு அமைப்புகள் கூகுளின் தலைமைச் செயல் அலுவலர் சுந்தர் பிச்சைக்கு ஒரு கடிதம் எழுதின. அதன் சாரம் எளிமையானது. வாசகரிடம் ஒப்புதல் வாங்குவது எங்கள் வேலை, தவறு நடந்தால் பழி எங்களுக்கு. ஆனால் சேரும் தரவை என்ன செய்வது என்று தீர்மானிப்பது நீங்கள் என்றால் எப்படி? பெரிய நாளிதழ்களின் அமைப்புகளே இப்படி முறையிட வேண்டியிருந்தது என்றால், ஒற்றை ஆளாகச் சமையல் குறிப்போ இலக்கணப் பாடமோ எழுதுகிற ஒருவர் என்ன செய்வார்? அவர் அந்த ஒப்புதல் பெட்டியை ஒட்டிவிட்டு, அது சரியாக வேலை செய்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறார். வாசகரின் தனியுரிமையைக் காக்கும் சட்டங்கள் தேவை என்பதில் எனக்கு இருமனம் இல்லை. சட்டம் சொன்ன கடமை, ஒப்பந்தத்தின் வழியே வழிந்து, கடைசியில் மிகச் சிறியவரின் தலையில் இறங்குவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

தளர்ந்த விதிகளும் உண்டு. ஒரு பக்கத்தில் மூன்று விளம்பரங்களுக்கு மேல் கூடாது என்ற பழைய வரம்பை 2016 ஆகஸ்டில் எடுத்துவிட்டார்கள். விளம்பரம் உள்ளடக்கத்தைவிட அதிகமாக இருக்கக் கூடாது என்ற பொது விதி அந்த இடத்துக்கு வந்தது. எண்ணிக்கை எளிதாக எண்ணக்கூடியது. “அதிகம்” என்பது எண்ண முடியாதது. மூன்று என்றபோது எல்லை தெரிந்தது. இப்போது எல்லையைக் கடந்துவிட்டோம் என்பது எச்சரிக்கை வந்த பிறகுதான் தெரிகிறது. சுதந்திரத்தோடு தெளிவின்மையும் சேர்ந்து வந்தது.

பெரிய தளங்களின் ஒப்பந்தம் வேறு

சிறியவர்கள் பொத்தானை அழுத்தி ஏற்கும் ஒப்பந்தம் ஒன்று. பெரிய தளங்கள் உட்கார்ந்து பேசிப் போடும் ஒப்பந்தம் வேறு. அங்கும் நிபந்தனைகள் சர்ச்சைக்குள்ளாயின. தளங்களின் தேடல் பெட்டியில் வரும் விளம்பரங்களுக்கான ஒப்பந்தங்களில், 2006 முதல், போட்டியாளர்களின் தேடல் விளம்பரங்களை வைக்கக் கூடாது என்ற ஷரத்து இருந்ததாக ஐரோப்பிய ஆணையம் குற்றம்சாட்டியது. 2009 முதல் அது படிப்படியாக மாறி, சிறந்த இடத்தைக் கூகுள் விளம்பரங்களுக்கு ஒதுக்க வேண்டும், போட்டியாளர் விளம்பரம் தோன்றும் விதத்தை மாற்றுமுன் எழுத்துமூலம் அனுமதி வாங்க வேண்டும் என்றானது. 2019 மார்ச்சில் இதற்காக ஆணையம் 149 கோடி யூரோ அபராதம் விதித்தது. 2024 செப்டம்பர் 18 அன்று ஐரோப்பியப் பொது நீதிமன்றம் அந்த அபராதத்தை ரத்து செய்தது. ஷரத்துகள் எவ்வளவு காலம் பிணைத்தன என்பதை மதிப்பிடும்போது தொடர்புள்ள எல்லாச் சூழல்களையும் ஆணையம் கணக்கில் கொள்ளவில்லை என்பது காரணம்.

இரண்டாவது முறை படித்தபோதுதான் அந்தத் தீர்ப்பு எனக்குப் புரிந்தது. ஒரு ஷரத்து நியாயமா என்பதைவிட, அதிலிருந்து எப்போது வெளியேற முடியும், வெளியேறினால் போக வேறு இடம் இருக்கிறதா என்பதே நீதிமன்றத்துக்கு முக்கியம். அந்த இரண்டாவது கேள்விக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு பதில் வந்தது. 2023 ஜனவரியில் அமெரிக்க நீதித்துறை தொடுத்த வழக்கில், எந்த இடத்தில் எந்த விளம்பரம் என்று தீர்மானிக்க வெளியீட்டாளர்கள் பயன்படுத்தும் விளம்பரச் சேவையகத்திலும் விளம்பரச் சந்தையிலும் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தை நிலைநாட்டியது என்று நீதிபதி லியோனி பிரின்கெமா 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் விளம்பரத் தொழில்நுட்பம் தொடர்பாக ஐரோப்பிய ஆணையமும் 295 கோடி யூரோ அபராதம் விதித்தது. வாங்கும் பக்கம், விற்கும் பக்கம், நடுவில் சந்தை என மூன்றும் ஒரே கையில் இருப்பதுதான் இந்த வழக்குகளின் மையம். 2023 நவம்பரில் ஒரே 32-ஐ, 15 என்றும் 17 என்றும் இரண்டு பக்கமாகப் பிரித்துக் காட்டியதற்கு இந்த வழக்குகள் காரணம் என்று நிறுவனம் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பக்கமும் வேறு வேறு என்று காட்ட வேண்டிய காலத்தில் அந்தப் பிரிவு வந்தது என்பதை நான் கவனிக்காமல் விட மாட்டேன்.

மற்ற திட்டங்களிலும் இதே போக்கைப் பார்க்கலாம். 2020 ஏப்ரல் 21 முதல் அமேசான், தளங்கள் தரும் இணைப்பு வழியே பொருள் விற்றால் தரகு கொடுக்கும் தன் இணைப்பு விற்பனைத் திட்டத்தில் மரச்சாமான்களுக்கான தரகை 8 சதவீதத்திலிருந்து 3 ஆகவும், மளிகைக்கானதை 5-லிருந்து 1 ஆகவும் குறைத்தது. நேரடியான வெட்டு; யாருக்கும் புரியும். யூடியூப் 2020 நவம்பரில் செய்தது வேறு வகை. வருவாயில் பங்கு தரும் கூட்டாளர் திட்டத்தில் சேராத சேனல்களின் காணொளிகளிலும் விளம்பரம் போடலாம், அதில் படைப்பாளிக்குப் பங்கில்லை என்ற உரிமையை நிபந்தனைகளில் சேர்த்துக்கொண்டது. அங்கே யாருடைய சதவீதமும் குறையவில்லை. பங்கே இல்லாத ஒரு வகை புதிதாகப் பிறந்தது.

மாற்றத்தின் விளைவை எப்படி அறிவது?

2024-இன் தொடக்கத்தில் காட்சிக் கணக்கு நடைமுறைக்கு வந்தபோது, வருமானம் விழுந்துவிட்டது என்று பலரும் பதறினார்கள். சிலருக்கு உண்மையாகவே விழுந்திருக்கலாம். ஆனால் ஜனவரியில் விளம்பர வருமானம் எப்போதுமே சரியும். ஆண்டுக் கடைசியில் நிறுவனங்கள் மிச்சமுள்ள விளம்பர நிதியைச் செலவழிக்கின்றன; பண்டிகை விற்பனையும் சேர்ந்துகொள்கிறது. புத்தாண்டு பிறந்ததும் நிதி ஒதுக்கீடு புதிதாகத் தொடங்கி, ஏலத்தில் கூட்டம் குறைந்துவிடுகிறது. டிசம்பரையும் ஜனவரியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு எந்த ஆண்டும் பேரிழப்புதான் தெரியும். அந்த ஜனவரியை முந்தைய ஜனவரியோடுதான் ஒப்பிட வேண்டும். அதுவும் மொத்தத் தொகையை அல்ல, ஆயிரம் பக்கப் பார்வைக்கு எவ்வளவு என்பதை. ஒரு மாதத்தில் 40,000 பார்வைக்கு 60 டாலர் என்றால் ஆயிரத்துக்கு ஒன்றரை டாலர். அடுத்த ஆண்டு அதே மாதம் 50,000 பார்வைக்கு 65 டாலர் என்றால் தொகை கூடியிருக்கிறது, ஆனால் ஆயிரத்துக்கு 1.30 ஆகக் குறைந்திருக்கிறது. வாசகர் கூடியதால் மறைந்துபோன இழப்பு அது.

இப்படி ஒப்பிடப் பழைய விவரம் கையில் வேண்டும். அன்றிரவு என்னை அழைத்த நண்பரிடம் அது இருந்தது. மாதம் பிறந்த முதல் வாரத்தில், மதிப்பீட்டுத் தொகை, இறுதித் தொகை, கழிக்கப்பட்டது, பக்கப் பார்வை என நான்கு எண்களை ஒரு விரிதாளில் எழுதிவைப்பது அவர் வழக்கம். ஐந்தாவது கட்டத்தில் அன்றைய தேதியிட்ட நிபந்தனைப் பக்கத்தின் நகல் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று குறித்துக்கொள்வார். 80 சதவீதம் வந்து பன்னிரண்டு மாதம் ஆனதும் அந்த விரிதாளை எனக்கு அனுப்பினார். ஆயிரத்துக்கான வருமானம் ஏழு மாதங்களில் முந்தைய ஆண்டைவிடச் சற்றுக் குறைவு, நான்கில் சற்று அதிகம், ஒன்றில் சமம். கழிக்கப்பட்ட தொகை ஒரு மாதத்தில் மட்டும் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு. அந்த மாதத்தின் பக்கத்தில், இருபத்தாறாம் நாள் தகராறு மனு அனுப்பியதாகக் குறித்திருந்தார்.